மூடி வேர்த்தால் மகன் இருக்கிறான்

இசோமுரா துறைமுகத்தில், உப்புக்காரத் தெருவில் டோஃபு என்கிற சோயாப் பயற்றுக் கட்டி செய்து விற்றுக்கொண்டிருந்த கசாய் கிவாம்மாவுக்கு, மகன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்பதை ஒரு கிண்ணத்து மூடிதான் சொல்லும். காலையில் பொங்கிய சோற்றில் முதல் கரண்டி மகனுக்கு. அரக்குக் கிண்ணத்தில் போட்டு மூடி, பக்கத்தில் ஒரு துண்டு ஊறிய முள்ளங்கியும் சாப்பிடும் குச்சிகளும் வைத்து, பட்டாளத்துத் தொப்பியோடு சுவரில் சிரிக்கிற ஹெய்கிச்சியின் படத்துக்கு முன்னால் தட்டை நகர்த்துவாள். தெற்கே எந்தத் தீவிலோ கிடக்கிற பிள்ளைக்கு அன்றைக்குப் பசிக்காது. சற்றுப் பொறுத்து மூடியைத் திருப்பிப் பார்ப்பாள். உள்பக்கம் முத்து முத்தாக நீர் நின்றால் பிள்ளை உயிரோடு இருக்கிறான். நிற்காவிட்டால் என்ன என்பதை எங்கள் பக்கத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

எதிர்க்கடையில் மரச்செருப்பு செதுக்கும் மொரியா பெரியவர் மட்டும் இதைக் கிண்டல் பண்ணுவார். 

"சுடுசோத்த மூடி வெச்சா வேர்க்காம, பாட்டா பாடும்?"

"கட்டையச் செதுக்கிச் செதுக்கி உங்க மண்டையும் கட்டையாப் போச்சு. பெத்திருந்தாத் தெரியும்" என்பாள் கிவாம்மா. அவள் சொன்னது தெருக்கோடி வரைக்கும் கேட்கும்.

குரல்தான் அவள் சொத்து. புருஷன் நெஞ்சு நோயில் போனபோது ஹெய்கிச்சி இடுப்பளவு இருந்தான். கடன்காரன் உண்டு, கல் ஏந்திரம் உண்டு, மரத்தொட்டிகள் உண்டு. அழுதுகொண்டு உட்காரவில்லை. விடியும் முன் பயறு அரைத்து, விடிந்ததும் காவடி போலத் தோளில் வாளிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு கூவிக்கொண்டே போவாள். துறைமுகத்தில் நங்கூரம் போட்ட கப்பலிலிருந்து ஆள் எட்டிப்பார்ப்பான் என்று ஊரில் சொல்வார்கள். அந்தக் குரலை வைத்துப் பிள்ளையை ஆளாக்கினாள், ஷிகே என்று ஒரு பெண்ணைக் கட்டிவைத்தாள், ஒரு பேத்தியும் பார்த்தாள். அப்புறம் பட்டாளத்திலிருந்து அழைப்பு வந்தது. ஹெய்கிச்சி கப்பலேறிய பிறகுதான் பேரன் ஷோசோ பிறந்தான்.

ஷிகே அதிகம் பேசமாட்டாள். சொன்னதைச் செய்வாள், ஆனால் மெதுவாகச் செய்வாள். அது போதாதா மாமியாருக்கு! "ஏண்டி, ஆமை உனக்கு அக்காவா தங்கச்சியா?" என்று காலையில் ஆரம்பித்தால் விளக்கணைக்கும் வரைக்கும் ஓடும்.

போர் நீண்டது. பயறு வருவது நின்றது, டோஃபுவும் நின்றது. தெருவில் ஒவ்வொரு பத்து வீட்டுக்கும் ஒரு குழு, குழுவுக்கு ஒரு தலைவர் என்று நகராட்சி ஏற்பாடு செய்தபோது, எங்கள் குழுவுக்குக் கிவாம்மாதான் என்று யாரும் சொல்லாமலே முடிவாகிவிட்டது. காலித் தொட்டிகள் அவளிடம் இருந்தன. தண்ணீர் நிரப்பி வைக்கலாம். குரலும் இருந்தது. ரேஷன் அரிசி குழுத் தலைவர் கை வழியாகத்தான் வீடுகளுக்குப் போகும். அதனால், சும்மா சொல்லக்கூடாது, மரியாதையும் கூடவே வந்தது. முன்பு "டோஃபுக்காரி" என்றவர்கள் எல்லாம் "தலைவியம்மா" என்று குனிந்தார்கள்.

அவள் நடத்திய பயிற்சியைப் பார்க்க நகராட்சியிலிருந்தே ஆள் வந்தார்கள். நடுத்தெருவில் எண்ணெய்த் துணியைக் கொளுத்திப் போடுவார்கள். பெண்கள் வரிசையாக நின்று வாளியைக் கைக்குக் கை கடத்துவார்கள். கடைசியில் நிற்பவள், கழியில் கயிற்றுக் குஞ்சம் கட்டிய ஈரத் துடைப்பத்தால் நெருப்பைச் சாத்துவாள். "அடியாத மாடு படியாது! சாத்துடி! ஒங்க மாமியார நெனச்சுக்கிட்டு சாத்து!" என்று கிவாம்மா கத்துவாள், தெருவே சிரிக்கும். இரண்டு மூச்சில் நெருப்பு அணைந்துவிடும். எல்லோரும் நம்பினார்கள். நெருப்புக் குண்டு என்பது கவிழ்ந்த கணப்புச் சட்டி மாதிரிதான், பயந்து ஓடுகிறவன்தான் ஊரை எரிக்கிறான் என்று நகராட்சியில் கொடுத்த புத்தகத்தில் படம் போட்டு எழுதியிருந்தது. ஓடக்கூடாது என்று சட்டமே இருந்தது.

பதுங்கு குழியும் அந்தப் புத்தகம் சொன்னபடிதான். வெளியே வயலில் வெட்டினால் ஓடி வந்து அணைக்க நேரமாகும். ஆகவே வீட்டுக்குள்ளேயே, தரைப் பலகையைப் பெயர்த்து அடியில் வெட்டு. விமானம் போகும் வரை உள்ளே உட்காரு. தலைவி கூப்பிட்டதும் எகிறிக் குதித்து வந்து வாளியைப் பிடி. அட பாவிகளா, எரியப்போகிற மரவீட்டுக்கு அடியில் போய் உட்காரச் சொன்னார்கள், நாங்களும் வெட்டினோம்! கிவாம்மா வீட்டுக் குழிதான் தெருவிலேயே ஆழம்.

ஒரு பயிற்சியின்போது ஷிகே கூப்பிடுமுன் பலகையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். இடுப்பில் ஷோசோ, முகம் நீலம் பாரித்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தான். 

"கூப்பிட்டேனா?"

"புள்ளைக்கு மூச்சு முட்டுது அத்தை..."

"நான் கூப்பிட்டேனான்னு கேட்டேன். தலைவி வீட்லயே வரிசை கொலஞ்சா ஊரான் மதிப்பானா?"

தெரு பார்க்க, வாளியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்கவைத்தாள். தண்ணீர் தளும்பித் தளும்பி ஷிகேயின் தலையில் வழிந்தது. ஐந்து வயதுப் பேத்தி மினே, அம்மாவின் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா இனிமே வரமாட்டா பாட்டி, கூப்பிட்டாத்தான் வருவா பாட்டி" என்று அழுதாள். அதற்கப்புறம் ஷிகே கூப்பிடாமல் ஒருநாளும் வெளியே வந்ததில்லை.

அந்தக் கோடையில் எதிரி விமானங்கள் பகலிலேயே வந்து, வடக்குத் தீவுக்கு நிலக்கரி ஏற்றப் போய்வந்துகொண்டிருந்த சரக்குக் கப்பல்களை எல்லாம் மூழ்கடித்தன. துறைமுகத்தில் பாய்மரம் ஒன்று மிச்சமில்லை. இனி இங்கே எரிக்க என்ன இருக்கிறது என்று ஊர் நினைத்தது. எங்கள் தெரு இருந்ததே, அது யாருக்கும் தோன்றவில்லை.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். காகிதம் முன்னால் வந்தது. வானத்திலிருந்து கட்டுக் கட்டாக. ஒரு பக்கம் விமானத்தின் படம், அதன் கீழே ஊர்ப் பெயர்கள். எங்கள் ஊரும் இருந்தது. எடுத்தால் படிக்காமல் காவல் நிலையத்தில் கொடுத்துவிட வேண்டும், வைத்திருந்தால் சிறை. மொரியா பெரியவர் எடுத்தார், படித்தார், கடைக்குள் வந்த கிவாம்மாவிடமே உரக்கப் படித்தும் காட்டினார்.

"'எங்களுக்கு உங்க மேல பகை இல்ல. உங்க பட்டாளத்து மேலதான். குண்டுக்குக் கண்ணு கெடையாது. அதனால ஊர விட்டுப் போயிடுங்க.' எப்டி இருக்கு? வீட்டக் கொளுத்தப் போறவன் கதவத் தட்டிச் சொல்லிட்டுக் கொளுத்தறானாம். அவன் நல்லவனாம்!"

"புள்ளையையும் கிள்ளிட்டுத் தொட்டிலையும் ஆட்றான்" என்றாள் கிவாம்மா. இரண்டு பேருக்கும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை. உடனே காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டாள். "குடுங்க இங்க. நிலையத்துல போட்டுட்டு வரேன். உங்க பேரச் சொல்லமாட்டேன், பொழச்சுப் போங்க."

"நீ போட்டுட்டு வா. நான் அதுக்குள்ள மலைக்குப் போயிடறேன். அயோக்கியன் சொன்னாலும் நெருப்பு நெருப்புதான் கிவாம்மா."

அவர் போனார். அவரைப் பார்த்து மீன்கடை வீடு போனது, தையல்காரி போனாள். கிவாம்மா காவல் நிலையத்திலிருந்து திரும்பிய போது அவள் வீட்டிலும் ஆள் இல்லை. ஷிகே, ஆமைக்குத் தங்கை என்று பேர் வாங்கினவள், இரண்டு குழந்தைகளையும் ஒரு மெத்தைச் சுருட்டையும் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு ஒரே வேகத்தில் மலையடிவாரத்துக்குப் போயிருந்தாள். அங்கே அவளுடைய மாமா கொன்சோவுக்கு ஆப்பிள் தோட்டம் இருந்தது. அடுப்பங்கரையில் மறுநாள் தட்டுக்கான அரிசியை மட்டும் கழுவி ஊறவைத்து மூடிவிட்டுப் போயிருந்தாள்.

கிவாம்மா ஊரெல்லாம் கேட்கத் திட்டினாள். ஆனால் தேடிப் போகவில்லை. எதற்குப் பொய், உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதிதான். குழந்தைகள் மலையில் இருக்கட்டுமே, வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் நினைத்தாள்.

பிறகு நகராட்சியில் தலைவர்களை எல்லாம் கூப்பிட்டார்கள். கழுத்துப்பட்டையை இறுக்கிப் போட்டிருந்த எழுத்தர் ஒருவர் மேசைக்குப் பின்னால் நின்று உத்தரவைச் சொன்னார். மலைக்கு ஓடினவர்கள் குறித்த நாளுக்குள் திரும்பவேண்டும். திரும்பாத வீட்டின் பெயர் ரேஷனிலிருந்து எடுக்கப்படும். வீடு முழுசுக்கும் அரிசி கிடையாது.

"எங்க வீட்ல நான் இருக்கேனே? நான் ஓடலையே?"

"வீட்டுக்குத்தாம்மா கணக்கு. மருமக இல்லேன்னா உங்க வீடும் இல்ல."

கிவாம்மாவுக்கு முதலில் தோன்றியது தன் வயிறு இல்லை. கிண்ணம். நாளைக்குக் கிண்ணத்தில் எதைப் போடுவது? ஒருநாள் தட்டு வைக்காமல் விட்டதில்லை. பூசணிக்கொடியும் அரைத்த கருவாடும் தின்று தான் கிடந்த நாளிலும் பிள்ளைக்குச் சுடுசோறு வைத்தாள். ஆறின கஞ்சியை மூடினால் மூடி வேர்க்காது. வேர்க்காவிட்டால்? "இது உத்தரவுங்களா?" என்று மறுபடி கேட்டாள். "உத்தரவுதான்" என்றார் எழுத்தர். அதைக் கேட்டதும் ஏதோ பாரம் இறங்கின மாதிரி நெஞ்சு லேசானது. தான் முடிவு செய்ய ஒன்றுமில்லை என்றால் அது ஒரு சுகம்தான்.

குறித்த நாள் அன்று காலையில் மலையேறினாள். தோட்டத்துக் குடிசையில் ஷிகே காயாக உதிர்ந்த ஆப்பிள்களை வேகவைத்துக்கொண்டிருந்தாள். மினே பாட்டியைப் பார்த்ததும் ஓடிவந்து, தான் பிடித்த வெட்டுக்கிளியைக் காட்டினாள்.

"கெளம்பு" என்றாள் கிவாம்மா.

"வரல அத்தை."

வாழ்க்கையிலேயே ஷிகே 'இல்லை' என்று சொன்னது அன்றுதான்.

"என்னடி சொன்ன?"

"வரலன்னேன். பக்கத்து ஊரு எரிஞ்சத இந்த மேட்டுலேர்ந்து பாத்தோம். அது கணப்புச் சட்டி இல்ல அத்தை. வானம் முழுக்கச் செவப்பு. வாளித் தண்ணிக்கு அது அணையாது."

"பேர எடுத்துடுவாங்க. அரிசி இல்ல."

"பச்சிலையத் தின்னுட்டுக் கெடக்கறோம்."

"உன் புருஷனும் பச்சிலையத் தின்னணுமா? நீ மலையில பத்திரமா ஒக்காந்திருப்ப, அவன் அங்க பசியோட கெடக்கணும், இல்ல? திரும்பி வந்து கேட்டா என்ன சொல்லுவேன்? 'ஒன் பொண்டாட்டிக்கு ஒன் சோறவிட அவ தோலு பெருசாப் போச்சுடா'ன்னு சொல்லவா?"

ஷிகே அடுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணீர் விழுந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. "நான் வரேன். புள்ளைங்கள மட்டும் விட்டுட்டு வரேன் அத்தை. ஒங்க கால்ல விழறேன்."

கிவாம்மா திரும்பி, வாசலில் நின்ற கொன்சோ மாமாவைப் பார்த்தாள். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "ரேஷன் இல்லாத வாயி எங்க வீட்லயே நெறய இருக்கும்மா. ஆப்பிளும் இன்னும் காயி. நான் எங்க போவேன்?" என்றார். கெட்டவர் இல்லை. அவர் வீட்டிலும் ஐந்தாறு சட்டி காலியாகத்தான் கவிழ்ந்து கிடந்தது.

மொரியா பெரியவர் பக்கத்துச் சரிவில் பாயைக் கட்டிப் படுத்திருந்தார். கிவாம்மா அவரையும் அழைத்தாள், குழு ஆளாயிற்றே. அவர் எழுந்திருக்கக்கூட இல்லை. "பசியில செத்தா மெதுவாச் சாவேன். வழியில மனசு மாறினா எறங்கி வரலாம். நெருப்புல அந்த வசதி கெடையாது" என்றார். வண்டியில் உட்கார்ந்திருந்த மினேயைப் பார்த்துவிட்டு, "கொழந்தையையாவது என்கிட்ட விட்டுட்டுப் போ கிவாம்மா" என்று கூப்பிட்டார். தலை எண்ணிப் பார்ப்பார்கள், ஒரு தலை குறைந்தாலும் வம்பு என்று கிவாம்மா வண்டியைத் தள்ளினாள்.

இறங்கினார்கள். மினே வழியெல்லாம் வெட்டுக்கிளியோடு பேசிக்கொண்டு வந்தாள். மீன்கடை வீடும் தையல்காரியும்கூட அரிசிக்காகத் திரும்பியிருந்தார்கள். நகராட்சி வாசலில் தலை எண்ணினார்கள், அரிசி அளந்தார்கள். கிவாம்மா இரண்டு கையாலும் பையை வாங்கிக்கொண்டாள். சாயங்காலம் ஷிகே மறுநாள் தட்டுக்காக அரிசியைக் கழுவி, இரும்புச் சட்டியில் நீர் ஊற்றி, கனத்த மரமூடியைப் போட்டு ஓரமாக வைத்தாள்.

அன்றைக்கு ராத்திரியே விமானக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

சங்கு ஊதியதும் கிவாம்மா தரைப் பலகையைத் தூக்கினாள். மினேக்குப் பஞ்சு வைத்த முக்காட்டை மாட்டி, ஷோசோவைத் தாயின் முதுகில் கட்டி, ஒவ்வொருவராக இறக்கினாள். கடைசியாகச் சட்டியையும் எடுத்து ஷிகே மடியில் வைத்தாள்.

"அவன் சோறு. கவுத்துடாத. நான் கூப்பிட்டதும் வா."

"கூப்பிடுவீங்கள்ல?"

"என் கொரலு கேக்காத எடம் இந்த ஊர்ல ஏதுடி?"

பலகையை மூடிவிட்டுத் தெருவுக்கு ஓடினாள். பெண்கள் வரிசையில் நின்றிருந்தார்கள், பயிற்சியில் நின்ற அதே இடங்களில். குழாய் மாதிரி முதல் நெருப்புக் குண்டு தையல்காரி வீட்டு வாசலில் விழுந்தது. வாளி பறந்தது, துடைப்பம் சாத்தியது, மணலைக் கொட்டினார்கள். அணைந்துவிட்டது! ஐயோ, என்ன சந்தோஷம் அவர்களுக்கு! கையைத் தூக்கிக் கத்தினார்கள். "பாத்தீங்களாடி! இவ்ளோதான்!" என்றாள் கிவாம்மா. அவள் வாழ்நாளிலேயே பெருமையாக நின்ற நேரம் அதுதான்.

அடுத்து மழை மாதிரி கொட்டியது. பிசின் போன்ற அந்த நெருப்பு விழுந்த இடத்தில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் ஊற்றினால் தெறித்து, ஊற்றினவள் கையிலும் ஒட்டியது. மீன்கடைக்காரி முக்காட்டோடு எரிந்துகொண்டு வரிசைக்குள்ளேயே ஓடினாள். பெண்கள் வாளியைப் போட்டுவிட்டுச் சிதறினார்கள். கிவாம்மா அவர்களுக்கு நடுவில் நின்று, "வரிசை! வரிசைல நில்லுங்கடி!" என்று கத்தினாள். கத்திக்கொண்டே இருந்தாள். புகையை விழுங்கி விழுங்கிக் கத்தினாள். அடித்தும் பார்த்தாள். ஒருத்தியும் நிற்கவில்லை. திரும்பியபோது தன் வீட்டுக் கூரையில் நெருப்பு நடந்துகொண்டிருந்தது.

"ஷிகே!" என்று கூப்பிட வாயைத் திறந்தாள். காற்று வந்தது. குரல் வரவில்லை.

இன்னொரு தடவை. இன்னொரு தடவை. தொண்டையில் கையை விட்டுப் பிடுங்குகிற மாதிரி முக்கினாள். வெறும் காற்று. வாசற்படி வரைக்கும் ஓடினாள், கூரை முன்பக்கமாகச் சரிந்தது, அந்தச் சூடு அவளைத் தூக்கி எறிந்தது. யாரோ காலைப் பிடித்து இழுத்துக் கால்வாயில் தள்ளினார்கள். அங்கிருந்தும் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

விடிந்ததும் மொரியா பெரியவர் மலையிலிருந்து இறங்கி வந்தார். தெரு என்று ஒன்று இல்லை. கிவாம்மாவின் மரத்தொட்டிகளில் ஒன்று மட்டும், பாதித் தண்ணீரோடு, எரியாமல் நின்றது. அதை அடையாளம் வைத்துத்தான் வீட்டைக் கண்டுபிடித்தார். சாம்பலை ஒதுக்கிக் குழியைத் திறந்தது அவர்தான்.

நெருப்பு உள்ளே போகவில்லை. ஒரு முடி கருகவில்லை. ஷிகே முழங்காலை மடித்து, முகத்தை மேலே தூக்கி, காதுகொடுத்துக் கேட்கிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். முதுகில் ஷோசோ. மினே முக்காட்டு நாடாவைக் கூட அவிழ்க்காமல் அம்மாவின் தோளில் சாய்ந்திருந்தாள். பலகையின் உள்பக்கத்தில் ஒரு கீறல் இல்லை. தள்ளிப் பார்க்கவே இல்லை. மடியில் சட்டி இருந்தது.

மொரியா பெரியவர் மரமூடியைத் திறந்தார். திறந்திருக்கக் கூடாது. அரிசி வெந்திருந்தது. பதமாக, ஒரு பருக்கை அடிப்பிடிக்காமல். மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக நீர்.

கிவாம்மா அந்த மூடியைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஓட்டுச்சில் ஒன்றைத் துடைத்து, ஒரு பிடி சோறு வைத்து, மகனின் படம் மாட்டியிருந்த திசையில் வைத்தாள். மிச்சம் பிழைத்த பெண்கள் சுற்றி நின்று சட்டியையே பார்த்தார்கள். சட்டியை அவர்கள் பக்கம் தள்ளினாள். தின்றார்கள். கையால் அள்ளி, சாம்பலோடு, அழுதுகொண்டே தின்றார்கள். அவர்களை யாரும் குறை சொல்ல வேண்டாம். குறை சொல்கிறவர்கள் அந்தத் தெருவில் அன்று காலை நின்று பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

அந்த மாதமே போர் முடிந்துவிட்டது. இலையுதிர் காலத்தில் வெள்ளைத் துணி சுற்றிய பெட்டி ஒன்று வந்தது. அசைத்தால் கடகடவென்றது. உள்ளே ஒரு கூழாங்கல், கூடவே ஹெய்கிச்சி செத்த தேதி. அது போன வருஷத்துத் தேதி. அதற்கப்புறமும் மூடி ஒவ்வொரு நாளும் வேர்த்திருந்தது.

பனிக்காலத்தில் ஜெயித்தவர்கள் கேள்வி கேட்க வந்தார்கள். குண்டுவீச்சு எவ்வளவு தூரம் வேலை செய்தது என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம். எரியாமல் நின்ற பள்ளிக்கூட அறையில் ஒவ்வொருவராக அழைத்தார்கள். மேசைக்குப் பின்னால் குளிரில் மூக்கு சிவந்த இளம் அதிகாரி. பக்கத்தில் எங்கள் முகமும் எங்கள் பேச்சும் கொண்ட, மொழிபெயர்க்கிற ஒரு துபாஷி, அப்பன் காலத்தில் ஜெயித்தவர்கள் நாட்டில் குடியேறிய குடும்பம். கிவாம்மாவின் குரல் புகையோடு போனது போனதுதான். அவள் பேசுவதைக் கேட்கத் துபாஷி காதை அவள் வாயருகே கொண்டுவர வேண்டியிருந்தது.

"குண்டு விழுந்தப்புறம், போர நிறுத்தணும்னு உங்களுக்குத் தோணுச்சாம்மா?"

"எங்க தெருவுல யார்கிட்டயும் நிறுத்தற சாவி இல்லையே தம்பி."

"யார் மேல கோவம் வந்தது?"

கிவாம்மா யோசித்தாள். "கொழாயில தண்ணி வரலன்னு கோவம். வரிசைய விட்டு ஓடினவளுங்க மேல கோவம். மொரியா உயிரோட இருக்காரேன்னு அவர் மேல கோவம். மேல பறந்தவன் மேல வரல. அவன் மூஞ்சி தெரியலயே."

அதிகாரி எழுதிக்கொண்டார். "நாங்க முன்னாடியே காகிதம் போட்டோமே, பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அப்புறம் ஏன் போகல?"

"போனாங்க. என் மருமக புள்ளைங்களோட மலைக்குப் போனா. நான்தான் போய்ப் புடிச்சுட்டு வந்தேன். ஒரு கிண்ணம் சோத்துக்காக."

துபாஷி அதைச் சொன்னான். அதிகாரியின் முகத்தைக் கிவாம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தோள்கள் தளர்ந்தன. மூச்சு ஒன்று மெல்ல வெளியே வந்தது. பேனா இத்தனை நேரம் இல்லாத வேகத்தில் ஓடியது. கிவாம்மாவுக்கு அது என்னவென்று உடனே தெரிந்துவிட்டது. எழுத்தர் "உத்தரவுதான்" என்றபோது தன் நெஞ்சில் இறங்கிய அதே சுகம்.

கையை நீட்டிக் காகிதத்தின் மேல் வைத்தாள்.

"அத எழுதாத. நான் செஞ்ச பாவம் என்னுது. யாருக்கும் பங்கு கெடையாது. கீழ கூட்டிட்டு வந்தது நான். மேலேர்ந்து போட்டது நீ. என் பாவத்த எடுத்து ஒன் கையத் தொடச்சுக்காத."

அவள் அவ்வளவு சொன்னது துபாஷி வாயில் இரண்டே வார்த்தையாகச் சுருங்கி வந்தது. அவளுக்கு அந்தப் பாஷை தெரியாது, ஆனால் நீளம் தெரியும். அவன் சட்டைக்கையைப் பிடித்தாள்.

"முழுசாச் சொல்லு."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு முழுசாகச் சொன்னான். அதிகாரி பேனாவை வைத்துவிட்டு, அவள் கைக்கு அடியில் இருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய காதும் சிவந்துபோயிருந்தது. கடைசியில் ஏதோ முணுமுணுத்தார்.

"இப்போ உங்களுக்கு என்ன வேணும்னு கேக்கறாரும்மா" என்றான் துபாஷி. "துணி, மருந்து, கொழந்தைங்களுக்குப் பால்மாவு..."

"கொரலு."

"என்னம்மா?"

கிவாம்மா அவன் காதருகே குனிந்தாள். உள்ளே இருந்த காற்றை எல்லாம் கூட்டிச் சொன்னாள்.

"ஒரே ஒரு தடவ கத்தற அளவுக்குக் கொரலு. நான் கூப்பிட்டாத்தான் வருவா. நான் இன்னும் கூப்பிடல."